பதினோரு கடல்குதிரைகள்

காலை 6.40. முதலில் கண்ணில் பட்டது ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. இரண்டு அடுக்கு. மேல் தட்டில் மூன்று இட்லி, ஓரத்தில் மிளகாய்ப்பொடி. கீழ்த்தட்டில், செய்தித்தாளில் மடித்து வைத்த, காய்ந்து விறைத்த கடல்குதிரைகள் – பதினொன்று. அதிலேயே பெரியது என் சுண்டுவிரல் நீளம் இருக்கும்.

டப்பாவைத் திறந்து பிடித்திருந்தவர் வனத்துறை ஊழியர். டப்பாவுக்குச் சொந்தக்காரர் ஸ்டெல்லா. இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் வாசல். நான் வவ்வால் மீன் வாங்கப் போனவன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தீர்ப்பு போன வாரம்தான் வந்தது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஸ்டெல்லாவை எனக்குப் பல வருடமாகத் தெரியும். எந்த மீன் மூன்று நாள் ஐஸில் கிடந்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அவருடைய வேலை மீன் விற்பது அல்ல – கழிசல் பிரிப்பது. விசைப்படகு வலையில் விலைபோகும் மீனோடு விரல் அளவுக் குஞ்சுகள், நசுங்கிய நண்டு, பெயரே இல்லாத என்னென்னவோ சேர்ந்து வரும். அதற்குக் கழிசல் என்று பெயர். தார்ப்பாயில் கொட்டிவிடுவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, காசாகக்கூடியதைப் பொறுக்கி எடுப்பார்கள்.

அந்தக் குவியலில் அவ்வப்போது கடல்குதிரை இருக்கும். கரைக்கு வரும்போதே செத்திருக்கும். அதை எடுத்துப்போய் வீட்டுக் கூரையில் காயவைப்பார்கள். பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தால் சுட்டுச் சாம்பலாக்கி, தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள்.

குணமாகுமா? எந்த டாக்டரும் ஆகாது என்றுதான் சொல்வார். நானும் நம்பவில்லை. ஆனால், நம்புகிறவர்களிடம் ஒரு விதி இருந்தது – இதற்குக் காசு வாங்கக்கூடாது. வாங்கினால் மருந்து கேட்காது. பக்கத்துத் தெருவிலிருந்து யார் வந்து கேட்டாலும் சும்மாதான் கொடுப்பார்கள்.

இந்த விதியை வெளியே யாரோ ஒருவர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

அவர் டூவீலரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதில்லை. எண்ணூர்ப் பக்கம் வீடு, மகன் பெயர் ரித்திக், இரண்டு மாதமாக இருமல் என்றார். ஸ்டெல்லா இரண்டு கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். பையனுக்குத் தேவலையாம். இப்போது அண்ணன் மகனுக்கு இருமலாம். அப்புறம் மாடி வீட்டுக் குழந்தைக்கு. அப்புறம் அந்தத் தெருவுக்கே.

தார்ப்பாயைச் சுற்றி உட்காரும் பெண்கள் அவருக்கு 'இருமலு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரும் ஃபிலோமினா ஒருநாள் என் எதிரிலேயே கேட்டார்.

"இன்னாம்மே, எண்ணூர்ல கீற அத்தினி புள்ளைங்களுக்குமா இருமலு? நீ இன்னா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியா?"

"எண்ணூர்ல இருமாத புள்ள ஒண்ணு காட்டு. நா நிறுத்திக்கிறேன்."

ஒரு பெண் இதைக்கூடவா நம்புவார் என்று நீங்கள் கேட்கலாம். வேறு ஊரில் நம்பமாட்டார். புகைபோக்கிகளுக்கு நடுவில் வீடு இருக்கிற ஊரில், குழந்தைக்கு இருமல் என்று ஒருவன் சொன்னால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஸ்டெல்லா மற்ற பெண்களிடமும் கேட்டு வாங்கிச் சேர்த்தார். வியாழக்கிழமைகளில் கோயிலில் ரித்திக் பெயருக்கு ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினார்.

இதையும் சொல்லிவிட வேண்டும். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும், சில படகுகளில் கடல்குதிரையைத் தனியாகவே எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். ஸ்டெல்லாவின் தர்மம் கடலுக்கு நல்லது செய்யவில்லை.

அன்று காலைக்கு வருகிறேன். பறிமுதல் மகஜரில் கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகள் தேவைப்பட்டார்கள். சுற்றி நின்ற எல்லோருக்கும் திடீரென்று ஐஸ் உருகுவது ஞாபகம் வந்தது. நான் போட்டேன். மணி 6.55.

போட்டுவிட்டு ஸ்டெல்லாவிடம் சொன்னேன் – "பயப்படாதீங்க. நடந்ததை ஒண்ணு விடாம அப்படியே சொல்லிடுங்க."

முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்கு உண்மையின் மேல் இருக்கும் நம்பிக்கை.

அவர் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். எந்த மாதத்திலிருந்து, வாரத்துக்கு எத்தனை, யார் யாரிடம் வாங்கிச் சேர்த்தார், மிக்சர் எப்போது வந்தது – எல்லாம். காசு வாங்கவில்லை என்பதுதான் தன்னைக் காப்பாற்றும் என்று அவர் நினைத்தார். ஆகவே, எவ்வளவு அதிகமாகக் கொடுத்தாரோ அவ்வளவு புண்ணியம் என்ற கணக்கில், நினைவில் இருந்த ஒவ்வொன்றையும் சேர்த்துச் சொன்னார்.

"நா இன்னா வித்தேனா சார்? புள்ளைக்கு மருந்துக்குத்தானே குடுத்தேன்" என்று வாக்குமூலம் எழுதிய வனத்துறை அதிகாரியிடம் மூன்று முறை சொன்னாராம். மூன்றும் பதிவாகியிருக்கிறது.

கடல்குதிரை பாதுகாக்கப்பட்ட உயிரினம்; சட்டம் விற்றாயா என்று மட்டும் கேட்பதில்லை. வைத்திருந்தாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. வன உயிரின வழக்கில் உதவி வனப் பாதுகாவலர் ரேங்க் அதிகாரி பதிவு செய்தால் நிற்கும். இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல்தான் அறிவுரை சொன்னேன். டப்பாவில் இருந்தது பதினொன்று. வாக்குமூலத்துக்குப் பிறகு அது ஒரு சப்ளை வரிசை ஆகிவிட்டது. மிக்சர் பொட்டலம் குற்றப்பத்திரிகையில் 'கைம்மாறு' என்று ஏறியது.

எழுதி முடிந்து ஸ்டெல்லா வனத்துறை அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, காவலுக்கு நின்ற பெண் ஊழியர் குனிந்து, அது நிஜமாகவே இருமலுக்குக் கேட்குமா என்று மெல்லக் கேட்டாராம். ஸ்டெல்லா கேட்டது – "பாப்பாவுக்கு எத்தினி வயசு?"

ஹெல்மெட் ஆசாமி என்ன ஆனார்? அந்த அதிகாரியையே போய்க் கேட்டேன். நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். ஃபோன் நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். சிம் கார்டு, இறந்துபோன ஒருவர் பெயரில். வெளிநாட்டில் நல்ல விலைபோகும் காய்ந்த கடல்குதிரை எந்தக் கப்பலில், யார் சூட்கேஸில் போனதென்று தெரியாது.

"எங்க கையில சிக்கறவங்களுக்கு வீடு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு சார். மேல இருக்கறவனுக்கு அட்ரஸே இல்ல. நாங்க எங்கன்னு போறது?"

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். வன உயிர்களைத் திருடுகிறவர்களுக்கான அபராதம் டீ செலவுக்குக்கூடக் காணாது, தண்டனை வலிக்க வேண்டும் என்று இதே பத்தியில் எழுதியிருக்கிறேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். பிறகு அபராதத்தை உயர்த்தவும் செய்தார்கள். மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

தண்டனை போதுமா? இன்று என்னைக் கேட்டால் யாருக்கு என்று திருப்பிக் கேட்பேன். ஸ்டெல்லாவுக்கு ஏராளம். ஹெல்மெட்டுக்கு? சட்டம் சொல்லும் அதிகபட்ச ஏழு வருடத்தை எழுபது ஆக்கினாலும் அவர் அதில் ஒரு நாளைக்கூட இருக்கப்போவதில்லை... அதிகப்படுத்தும்போதெல்லாம் அதிகமாகிக்கொண்டே போவது டிபன் டப்பாக்காரர்களின் தண்டனை மட்டும்தான்.

சரி, தண்டனையைக் குறைத்துவிடலாமா? அப்போது ஹெல்மெட் இன்னும் சௌகரியமாக வருவார். எந்தப் பக்கம் போனாலும் சுவர். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

வழக்கு நடந்தது. ஸ்டெல்லாவுக்காக ஆஜரான இளம் வக்கீல் ஒரு வழி சொன்னார் – மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று சொல்லிவிடுங்கள், வாக்குமூலம் அடிபட்டால் தப்பிக்க வாய்ப்பு உண்டு.

ஸ்டெல்லா ஒரு வாரம் யோசித்தார். பிறகு முடியாது என்றார்.

"அந்த சார் டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சு எழுதினாரு. மெரட்டினாருன்னு எப்பிடி வாய் கூசாம சொல்றது?"

நானும் சாட்சி சொன்னேன் – அரசுத் தரப்பில். டப்பாவைக் காட்டி இதுதானா என்றார்கள். ஆமாம். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். அவர் காசு வாங்குவதில்லை என்று ஆரம்பித்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்கள். இறங்கிவிட்டேன். நான்கு நிமிடம். ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி, கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன், வராண்டாவில் நின்றிருந்தார். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை தீர்ப்பு. மூன்று வருடம் சிறை, அபராதம் தனி. பெயரும் முகவரியும் தெரியாத இரண்டாவது எதிரி – அதாவது ஹெல்மெட் – மீதான வழக்கைப் பிரித்து நிலுவையில் வைத்தார்கள். மேல்முறையீட்டுக்காக ஸ்டெல்லாவின் தண்டனை முப்பது நாள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

தீர்ப்பு வந்ததும் ஃபிலோமினா அழுதார். ஸ்டெல்லா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரித்திக்குன்னு ஒரு புள்ள நெஜமாவே கீதா சார்?"

தெரியவில்லை என்றேன்.

மறுநாள் காலை அவர் வேலைக்கு வந்திருந்தார். வணக்கம் சொன்னேன், தலையசைத்தார். அவர் முன்னால் கொட்டிய குவியலில் நான்கு கடல்குதிரைகள் இருந்தன. நான் எண்ணினேன். ஸ்டெல்லா அவற்றைத் தொடவில்லை. பெண்கள் பொறுக்கியது போக மிஞ்சிய கழிசலை மண்வெட்டியால் வாரி லாரியில் ஏற்றினார்கள். நான்கும் அதில் போயின. தினமும் அந்த லாரி போவது கோழித் தீவன மில்லுக்கு.