ஐந்தாவது பீரியடுக்கு வராதவள்

பிற்பகலில் கைபேசி அடித்தால் அது என் பெண் யாழினியின் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கும். எடுத்தால் ஒரு பெண் குரல். அவசரமும் இல்லை, அக்கறையும் இல்லை. "உங்கள் வீட்டைச் சேர்ந்த மாணவர் இன்று ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு வரவில்லை. ஐந்தாவது பீரியட். இந்தச் செய்தியை மீண்டும் கேட்க எண் ஒன்றை அழுத்தவும்." பெயர் சொல்லாது. முதல் முறை நான் பதறிப்போய், "யாருங்க பேசறது, எங்க யாழினியா, அவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அந்தக் குரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. ஏதோ யோசித்துப் பதில் சொல்லப்போகிறது என்று நம்பினேன். மறுபடி முதலிலிருந்து அதையே சொன்னது. பதிவு செய்த குரல் என்று புரிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டெக்சாஸின் இந்தப் புறநகரில் நாங்கள் வீடு வாங்கியது வீட்டுக்காக இல்லை, பள்ளிக்கூடத்துக்காக. புடவை எடுக்கப் போகிறவர்கள் முந்தானையைப் பிரித்துப் பார்ப்பதுபோல, என் வீட்டுக்காரர் பெற்றோர்களும் மாணவர்களும் எழுதிய கருத்துகளை இணையத்தில் ஒன்று விடாமல் படித்தார். பட்டு நெய்யும் தேவிகாபுரத்துக்காரர், எதையும் சும்மா நம்பமாட்டார். கணக்கு ஆசிரியர்கள் அருமை, கால்பந்து மைதானம் அருமை, மதிய உணவு சுமார், காலையில் கார் வரிசை நரகம். பத்துக்கு ஒன்பது மதிப்பெண். "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். எனக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர் ஆரணியின் பேருந்து நிலையத்தையும் காய்கறி மார்க்கெட்டையும் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும் அளவுக்குப் பெரிய கட்டடம். யாழினி முதல் நாள் அதற்குள் நுழைந்ததைக் காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் கூட்டத்தில் எந்த முதுகு அவளுடையது என்று தெரியாமல் போய்விட்டது.

நான் படித்த அரசுப் பள்ளியைப் பற்றி யாரும் யாரிடமும் கருத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கழிப்பறையைப் பற்றி மட்டுமே ஒரு பக்கம் எழுதியிருப்பேன். பெற்றோர்களின் கருத்து சேர்க்கை நாளன்று ஒரே வரியில் முடிந்துவிடும். என் அம்மா தலைமையாசிரியை முன்னால் என்னை இழுத்து நிறுத்தி, "நல்லா அடிங்க டீச்சர், இன்னான்னு கேக்கமாட்டேன், கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுடுங்க" என்றார். அதையே நான் இங்கே சொன்னால் போலீஸ் வரும். அந்தப் பள்ளிக்கூடத்தை நினைத்து உருகுகிறவள் இல்லை நான். ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி தொடர்ந்து வரவில்லை என்றால் வகுப்பு ஆசிரியை இரண்டு பெண்களை அவள் வீட்டுக்கு அனுப்புவார். அந்த இருவரும் வாசலில் போய் நிற்கவேண்டும். திட்டினாலும் நிற்கவேண்டும். வந்தால் கூட்டிக்கொண்டு, வரவில்லை என்றால் ஒரு பதிலோடு திரும்பவேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் என்னை வீட்டில் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். அம்மா வேலை செய்த ரைஸ் மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் காலால் கிளறிவிட ஆள் வேண்டியிருந்தது. வகுப்பிலிருந்து மல்லிகாவும் ஜோதியும் வந்தார்கள். கொதிக்கிற களத்தின் ஓரத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். "போங்கடி, அவ வரமாட்டா" என்று அம்மா கத்தினார். மல்லிகா, "டீச்சர் இட்டுகினு வரச் சொன்னாங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். மறுபடி மறுபடி அதே பதில். மில் சங்கு ஊதுகிற வரைக்கும் அவர்கள் நகரவில்லை. மறுநாள் அம்மாவே எனக்குத் தலை பின்னி அனுப்பினார். நான் இன்று இந்த ஊரில் உட்கார்ந்து இதை எழுதுவது அந்த ரெண்டு பேர் நின்றதால்தான்.

யாழினியைக் கேட்டேன். "எல்லாருக்கும் இந்தக் கால் வரும்மா, பெருசு பண்ணாத" என்றாள். நான் விடவில்லை. பிறகு தட்டில் சோற்றை அளைந்துகொண்டே சொன்னாள். எமிலி என்று ஒரு தோழி. இருவரும் மதியத்தில் ஜிம்முக்குப் பின்னாலிருக்கும் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். எமிலி கொஞ்ச நாளாக வரவில்லை. போன் எடுக்கவில்லை. பள்ளி ஆலோசகரிடம் கேட்டதற்கு, மற்ற மாணவர்களைப் பற்றிப் பேச அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார். "லேட்டா வந்தா அங்கதான் வருவா. அதான் பெல் அடிச்சதுக்கு அப்புறமும் உக்காந்துட்டிருக்கேன்." எத்தனை பேர் அந்தப் படியில் ஏறி இறங்குவார்கள், யாரும் உன்னைக் கேட்கவில்லையா என்றேன். "யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றாள், மிகச் சாதாரணமாக. எமிலி ஒருபக்கம் இருக்கட்டும். என் பெண் எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு மாடிப்படியில் கரைந்துகொண்டிருக்கிறாள், அதை எனக்குச் சொல்ல ஒரு யந்திரம்தான் இருக்கிறது.

அந்த வாரம் பெற்றோர் கருத்துக் கேட்பு மாலை என்று பள்ளி நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். பெரிய திரையில் மாணவர்கள் எழுதியதை ஓடவிட்டார்கள். "இங்கே யாரும் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். விரும்பினால் நீ காணாமலே போகலாம்" என்று ஒரு வரி வந்தது. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அது பாராட்டாம். எனக்குக் கை எழவில்லை. கார் வரிசை, பீட்சா, புல்தரை எல்லாம் பேசி முடிந்ததும் நான் மைக்கை வாங்கினேன். "ஒரு பிள்ளை வரவில்லை என்றால் அவள் வீட்டுக்கு யார் போவார்கள்?" முதல்வர் அன்பாகத் தலையசைத்து, பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டால் எந்த எண்ணை அழைக்கவேண்டும் என்று விளக்கினார். அது இல்லை, வகுப்பிலிருந்து யாராவது போய் அழைத்துவருவார்களா என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. "நாங்கள் குடும்பங்களின் அந்தரங்கத்தை மதிக்கிறோம்" என்றார். அதற்கும் கைதட்டல். வெளியே வரும்போது, கூட்டத்துக்கு வந்திருந்த வேலூர்க்காரி சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இதெல்லாம் மைக்ல கேட்டுகினு. அப்புறம் உங்க வீட்ல என்ன பிரச்சினைன்னு நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க."

மனம் கேட்காமல் ஜோதியைக் கூப்பிட்டேன். அவள் இப்போது வெம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இப்போதும் பிள்ளைகளை அனுப்புகிறாயா என்று கேட்டேன்.

"எங்கடி அனுப்பறது? இங்கயும் மெசேஜ்தான் போவுது. பொட்டப் புள்ளைங்கள வெளிய அனுப்பி ஒண்ணு ஆச்சுன்னா என் வேல போயிடும். பெரிய பேஜாரு."

"அப்ப நீ ஒண்ணுமே பண்றதில்லையா?"

"சாயங்காலம் வண்டில வர்றப்ப அந்த வீட்டுப் பக்கமா எட்டிப் பாத்துகினு வருவேன்" என்றாள். இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் மல்லிகாதான் நினைவில் இருந்தாள், ஆனால் பெயரை யாரும் எடுக்கவில்லை.

மல்லிகாவுக்குப் பத்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்தது. அனுப்பப்பட்டது நானும் ஜோதியும். அவள் அம்மா கதவைப் பாதி திறந்து, "உடம்பு சரியில்லம்மா, தூங்குது" என்றார். நாங்கள் வழக்கப்படி நின்றோம். உள்ளே இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. "நாளைக்கு வர்றேன்னு டீச்சராண்ட சொல்லுங்கடி." முகத்தைப் பார்க்கவில்லை. ஓடிப்போய், "நாளைக்கு வர்றாளாம் டீச்சர்" என்று சந்தோஷமாகச் சொன்னோம். அவள் வரவே இல்லை. எங்கள் வகுப்பில் எண்களைச் சொல்லித்தான் வருகை எடுப்பார்கள். அவளுடையது முப்பத்தொன்று. அவள் போய்ச்சேர்ந்த பிறகு டீச்சர் முப்பது என்பார், "உள்ளேன் டீச்சர்" வரும், பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்திவிட்டு முப்பத்திரண்டு என்பார். முப்பத்திரண்டு நான். ஒவ்வொரு காலையும் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் நான் இருக்கிறேன் என்று சொல்லவேண்டியிருந்தது. பொதுத்தேர்வு வரைக்கும் அது மூடவில்லை.

சனிக்கிழமை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு எமிலி வீட்டுக்குப் போனேன். முகவரி யாழினி கொடுத்தாள், கூட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெட்கம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. திரைச்சீலைகள் மூடியிருந்தன. கேமரா வைத்த அழைப்பு மணியை அழுத்தியதும் அதில் நீல வட்டம் எரிந்து, மணியே பேசியது.

"நான் உங்களுக்கு உதவலாமா?"

"நான் யாழினியின் அம்மா. எமிலியைக் கூட்டிப்போக வந்தேன்."

"எங்கே?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"இன்று சனிக்கிழமை." கொஞ்சம் கழித்து, "பள்ளி உங்களை அனுப்பியதா?" என்றது.

"இல்லை. வகுப்பு."

என்ன சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்க வாய்ப்பில்லை. நானும் விளக்கவில்லை. நகராமல் நின்றேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு அந்தக் குரல் தளர்ந்தது. தான் எமிலியின் அம்மா என்றும், ஒஹாயோவில் தன் தங்கை வீட்டிலிருந்து கைபேசி வழியாகப் பேசுவதாகவும், அந்த வீட்டில் இப்போது யாருமே இல்லை என்றும் சொன்னார். எமிலி நலமா என்று கேட்டேன். "நன்றாகிவிடுவாள்" என்றார். என் பெண் மாடிப்படியில் காத்திருக்கிறாள் என்று அவளிடம் சொல்லுங்கள் என்றேன். நீல வட்டம் அணைந்தது. ஆளில்லாத வீட்டின் கதவு முன்னால், எலுமிச்சை சாதத்தோடு, ஆரணியில் நின்ற அதே பெண்ணாக நின்றுகொண்டிருந்தேன்.

யாழினியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "கிளாஸ் லிஸ்ட்ல அவ பேரு போயிடுச்சும்மா. அடுத்த பேரு மேல வந்துடுச்சு. அவ இருந்த எடமே இல்ல" என்றாள். அப்போதுதான் முப்பத்தொன்றைப் பற்றி அவளுக்கு முதல்முறையாகச் சொன்னேன். "தினமும் நிறுத்துவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமையிலிருந்து ஐந்தாவது பீரியடுக்குப் போக ஆரம்பித்தாள். எமிலியிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்ததாகவும் சொன்னாள். என்ன வரி என்று நான் கேட்கவில்லை.

கைபேசி அமைதியாகிவிட்டது. இனி நிம்மதி என்று நினைத்திருந்தேன். நேற்றுப் பிற்பகல் மறுபடி அடித்தது. யாழினிக்குக் காய்ச்சலென்று காலையிலேயே பள்ளிக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன், அவள் எனக்கு எதிரே ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்தேன். உங்கள் வீட்டைச் சேர்ந்த மாணவர் இன்று வரவில்லை என்றது குரல். சொல்லி முடித்துவிட்டு, வழக்கம்போல ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்தியது. அந்த நிறுத்தம் எனக்குத் தெரிந்த நிறுத்தம், முப்பதுக்குப் பிறகு டீச்சர் விட்ட அதே நிறுத்தம். அது யாருக்கானது என்றும் தெரியும்.

"நாளைக்கு வர்றாளாம் டீச்சர்" என்றேன்.

யாழினி நிமிர்ந்து பார்த்தாள். மறுமுனையில் அந்தக் குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது.