படகு சேஃப் என்று சொல்லாத நஸீர் நானா

கற்பிட்டியில் நான் நடத்திய ஆங்கில வகுப்பில் என் வயதொத்தவர் நஸீர் நானா மட்டும்தான். தோள் விலகியதால் அவரால் வலை இழுக்க முடியவில்லை. டொல்பின் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களைப் படகில் கூட்டிப்போக ஒரு ஹோட்டலில் ஆள் கேட்டிருந்தார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் படகை விற்க வேண்டியதுதான்.

அவர் தடுமாறியது சேஃப், சேஃப்டி என்ற இரண்டு சொற்களில். “சேஃப் பெயரடை. படகு எப்படி இருக்கு எண்டு சொல்லும். சேஃப்டி பெயர்ச்சொல். ‘போட் இஸ் சேஃப்டி’ எண்டு சொல்லப்படாது” என்று ஒரு கிழமை தொண்டை கிழியக் கத்தினேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கடைசியில் பிழையில்லாமல் சொன்னார்.

நேர்முகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். மனேஜர் கேட்டார்: “இஸ் யுவர் போட் சேஃப்?”

நஸீர் நானா நிலத்தைப் பார்த்தார். “இன்ஷா அல்லாஹ்” என்றார்.

மனேஜர் மெதுவாக இன்னொரு தரம் கேட்டார். அதே பதில்தான்.

“டீச்சர், இவருக்கு இங்கிலிஷ் விளங்கல்ல போல” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “யெஸ் எண்டு சொல்லுங்களேன் நானா. எத்தனை தரம் சொல்லித் தந்தனான்?”

“விளங்கின டீச்சர். கடல்ல இறங்க முந்தி பத்திரமா வருவோம் எண்டு நாங்க ஆரும் வாயால சொல்றல்ல. அது அல்லாஹ்ட கையில.”

எனக்கு முகம் சுருங்கிப்போனது. நான் உடப்பு மீனவர் வீட்டுப் பிள்ளை. எங்கள் அப்பாவும் “போயிட்டு வாறன்” என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. இத்தனை வருடம் கரும்பலகை முன்னால் சோக்குக் கட்டி பிடித்ததில் அதை மறந்துபோயிருந்தேன்.

நஸீர் நானா எழுந்து வெளியே போனார். ஹோட்டல் கரையில் விட்டிருந்த படகிலிருந்து ஒரு லைஃப் ஜாக்கெட்டுடன் வந்து அதை மனேஜருக்கே மாட்டிவிட்டார். ஒவ்வொரு பட்டியையும் இழுத்துப் பார்த்தார்.

“திஸ் இஸ் சேஃப்டி. ஐ ஹேவ்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “இது என்ட வேல டீச்சர். மத்தத நான் சொல்லேலா. அவருக்கு இங்கிலிஷில சொல்லுங்க.”

சொன்னேன். மனேஜர் நெஞ்சுப் பட்டியைத் தானும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ரெண்டு பேர் போறாங்க. வாங்க” என்றார்.

அந்த இரண்டு சொற்களின் இலக்கணம் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவற்றில் எது மனிதன் சொல்லக்கூடியது என்பது நஸீர் நானாவுக்குத் தெரிந்திருந்தது. இப்போது நேர்முகத்துக்குப் போகும் படகுக்காரர்களுக்கு மனேஜரின் அந்தக் கேள்விக்கு நான் விடை எழுதிக் கொடுப்பதில்லை. ஜாக்கெட்டைக் கையோடு கொண்டு போங்கள் என்கிறேன்.