ஓரத்தில் எழுதியிருந்த வரி

அவளை எனக்குப் பிடிக்காமல் போனதற்கு ஒரே காரணம் பதினேழு. இருபதுக்குப் பதினேழு. கிரகித்தல் பகுதியில் அவள் வாங்கிய புள்ளி அது. எனக்கு ஒன்பது.

ஒரு பந்தியைக் கொடுத்து, அதை வாசித்துக் கீழே இருக்கும் கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்வார்கள். அதற்குத்தான் கிரகித்தல் என்று பெயர். எழுபதுகளின் கடைசியில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு ஆள் எடுக்கும் பரீட்சைக்கு நாங்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தோம். கட்டுரையில் எவ்வளவு வாங்கினாலும் கிரகித்தலில் கோட்டை விட்டால் கலாசாலை இல்லை என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். கலாசாலை இல்லையென்றால் எனக்குக் காத்திருந்தது தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடை. அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்று மாட்ட ஆணி அடித்தாகிவிட்டது என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

அவளும் நானும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயம். நடுவில் இரண்டு காம்பராக்கள், இரண்டு குடும்பங்கள்தான். அவள் வீட்டில் அப்பா அம்மா இருவரும் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள், புத்தகம் என்று சொல்ல எதுவும் கிடையாது. என் அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அங்கிருந்த கிளாக்கர் வாசித்து முடித்த பத்திரிகை இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வரும். பத்திரிகை வருகிற வீட்டுப் பிள்ளைக்கு ஒன்பது, வராத வீட்டுப் பிள்ளைக்குப் பதினேழு என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சனிக்கிழமைகளில் பதுளையில் ஒரு வகுப்பு நடந்தது. வெலிமடையிலிருந்து லீக்ஸ் மரக்கறி ஏற்றிவரும் லொறி எங்கள் தோட்டத்து முச்சந்தியில் நிற்கும். அதில் ஏறிப் போவோம். திரும்பும்போது இரண்டு பேர் மீதும் லீக்ஸ் நாற்றம் ஒன்றுபோல்தான் அடிக்கும், புள்ளிதான் ஒன்றுபோல் இருக்காது. வகுப்பு எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்படமாட்டார். என் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்பார்.

"பிள்ளை, நீர் நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா பந்தியில இது எங்க கிடக்கு? காட்டும் பாப்பம்."

நான் காட்டமாட்டேன். எப்படிக் காட்டுவது? ஒருமுறை வந்த பந்தியில் ஒரு வண்டிக்காரர் மேட்டில் வண்டியை விட்டு இறங்கி நடக்கிறார். ஏன் இறங்கினார் என்று கேள்வி. மாடுகளின் மேல் இரக்கப்பட்டு இறங்கினார் என்று ஐந்து வரி எழுதியிருந்தேன். அச்சாணி கழன்றதால் இறங்கினார் என்று பந்தியில் முதல் வரியிலேயே இருந்தது. எனக்கு மாடுகள்மேல் இரக்கம் வந்ததால் அவருக்கும் வந்துவிட்டது.

புள்ளியை ஏற்ற நான் செய்யாத வித்தை இல்லை. பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் சிவப்புப் பென்சில் வாங்கி, முக்கியமான வரிகளின் கீழ் கோடு போட்டேன். எல்லா வரியும் முக்கியமாகத் தெரிந்தது. பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை உரக்க வாசித்தேன். கேள்விகளை முதலில் வாசித்துவிட்டுப் பந்திக்குப் போனேன். ஒன்பது பத்தாகும், மறு வாரமே ஒன்பதாகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் பந்தி சரியில்லை, கேள்வி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இவள் மட்டும் எப்படி வாங்குகிறாள் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உளவு பார்த்தேன். அதிக நாள் பார்க்கத் தேவைப்படவில்லை. விடை எங்கள் லயத்து வாசலிலேயே இருந்தது.

அந்த வருடங்களில் இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தின்படி எங்கள் லயத்தில் பாதிப் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். போனவர்கள் எழுதும் நீலக் கடுதாசிகள் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். வாசிக்கத் தெரியாத பெண்கள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு, சாயங்காலம் அவளிடம் வருவார்கள்.

அவள் ஒரு தடவை மனதுக்குள் வாசிப்பாள். இரண்டாம் தடவைதான் வாய்விட்டு வாசிப்பாள். பிறகு அந்தப் பெண்கள் கேட்கத் தொடங்குவார்கள். "நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கானா, எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதியிருக்கானா?" "சம்பளம் கெடைக்குதுங்கிறானா, கெடைக்கும்ங்கிறானா?" எந்தப் பரீட்சைக்காரனும் அப்படிக் குடைந்து கேட்கமாட்டான். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் கடுதாசியில் ஒரு இடத்தில் விரலை வைத்து, அதற்குப் பிறகுதான் பதில் சொல்வாள். விரல் வைக்க இடம் கிடைக்காவிட்டால், "அது இதுல இல்லீங்க" என்பாள்.

அடிப்பாவி, இவளுக்குத் தினமும் அல்லவா பரீட்சை நடக்கிறது என்று நினைத்தேன். நான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு பந்தி வாசிக்கிறேன். இவள் வாரத்துக்கு ஏழெட்டு வாசிக்கிறாள்.

கடுதாசிகளை அவளிடமிருந்து பறிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அது கடினமாகவும் இருக்கவில்லை. வருகிறவர்களுக்கு உட்காரப் பலகை போட்டேன். குடிக்கத் தேயிலைச் சாயத்தண்ணி கொடுத்தேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நான் நன்றாக வாசித்தேன். "அனைவரும் சுகம்" என்று மொட்டையாக இருந்தால், "அனைவரும் சுகம், உங்க நெனப்புத்தான் எங்களுக்கு" என்று வாசித்தேன். "திருவிழா முடிந்தது" என்று இருந்தால், சாமி தேரில் வந்ததையும் எங்கள் தோட்டத்துத் திருவிழாவை நினைத்து அவர்கள் கண்கலங்கியதையும் சேர்த்து வாசித்தேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

"அவ வாசிச்சா கடுதாசி மாதிரி இருக்கு புள்ள. நீ வாசிச்சா ஆளே வந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. அதைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைப் பரீட்சையில் பாஸ் ஆனபோதுகூட நான் அடைந்ததில்லை. ஒரு மாதத்தில் அவள் வாசல் காலியாகிவிட்டது. அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் கிரகித்தலில் அவளுக்குப் பதினெட்டு, எனக்கு எட்டு.

இல்லாததைச் சேர்த்துச் சேர்த்து வாசித்துப் பழகியவளுக்குப் பந்தியிலும் அதே கைதான் வரும் என்பது இன்று எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு விளங்கியதெல்லாம் அவள் ஏதோ மருந்து வைத்திருக்கிறாள் என்பதுதான். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. லொறியில் அவள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து வந்தேன்.

அந்தக் கோபத்தோடு இருந்த வாரத்தில்தான் கடைசிக் காம்பராப் பெரியம்மாவுக்குக் கடுதாசி வந்தது. உறவில்லை, லயத்தில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. அவருடைய தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாஸ்போர்ட் தயாராக இருந்தது. தம்பி வா என்றால் போவது, இல்லையென்றால் இங்கேயே கிடப்பது என்று அந்தக் கடுதாசிக்காகத்தான் பல மாதமாகக் காத்திருந்தார். அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

கடுதாசியில் இருந்தது இவ்வளவுதான். அனைவரும் சுகம். வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள், நாலு மூலைக்கும் கம்பு நட்டிருக்கிறது. பெரியவன் வேலைக்குப் போகிறான். மழை இல்லை. நீங்கள் வருவதை உங்கள் இஷ்டம்போல் செய்யவும்.

நான் வாசித்தது வேறு. "வீடு கட்டித் தர்றாங்களாம் பெரியம்மா. பெரியவனுக்கு வேலையும் கெடைச்சிருச்சாம். சீக்கிரம் வாங்க அக்கா, வாசலையே பாத்துக்கிட்டு இருக்கோம்னு எழுதியிருக்கு."

பெரியம்மா என் தலையைத் தடவினார். அடுத்த நாளே பால் மாட்டை விலைக்குக் கொடுப்பதாக ஒருவரிடம் பேசிவிட்டார். திங்கட்கிழமை பெரட்டில் தங்கள் இருவர் பெயரையும் வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிடச் சொல்லப்போவதாக லயம் முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் ஒருமுறை பெயரை வெட்டினால் காம்பராவும் போய்விடும். திரும்பி வர இடமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை. திறந்தால் இத்தனை நாள் நான் வாசித்த எல்லாக் கடுதாசிகளும் வெளியே வந்துவிடும். எல்லோரும் அவள் வாசலுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். பெரியம்மா நடுத்தெருவில் நிற்பதைவிட அதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் விறகுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் வீட்டு வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பெயரை வெட்டுவதற்கு முன்னால் தம்பியின் வார்த்தையை இன்னொரு தடவை காதால் கேட்க ஆசைப்பட்டிருக்கிறார். நான் வீட்டில் இல்லாததால் அவளிடம் கொடுத்துவிட்டார். தலையில் விறகுக் கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் வரி வரியாக நகர்ந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. வீட்டைப் பற்றிய வரியை வாசித்துவிட்டு, "கம்பு மட்டுந்தாங்க நட்டிருக்காம்" என்றாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"பெரியவனுக்கு இப்ப என்னா வயசுங்க பெரியம்மா?"

"பத்து முடிஞ்சு பதினொன்னு."

அவள் விரல் அந்த வரியிலேயே இருந்தது. பெரியம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வேலைக்குப் போகிற வீடு எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வரியை நானும் வாசித்திருந்தேன். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

பிறகு பெரியம்மா கேட்டார். "வாசலையே பாத்துக்கிட்டு இருக்கோம்னு எழுதியிருந்திச்சே, அது எங்கம்மா இருக்கு?"

அவள் தலை நிமிர்ந்தது. வாசலுக்கு வெளியே விறகோடு நின்ற என்னைப் பார்த்தாள். விறகுக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முடிந்தது, இனி இந்த லயத்தில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன்.

அவள் குனிந்து, கடுதாசியின் ஓரத்தில், மழையில் நனைந்து பக்கத்து வரியின் மை ஓடி நீலமாகத் திட்டுப் பிடித்திருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தா, இந்த ஓரத்துல எழுதியிருக்குங்க பெரியம்மா. மை ஓடியிருச்சு, அதான் தெரியல. ஆசையாத்தான் கூப்புடுறாரு. வீடுதான் இன்னும் ஆகல."

பெரியம்மா அந்தத் திட்டைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப வீடு ஆகட்டும்" என்றார். திங்கட்கிழமை அவர் பெயரை வெட்டவில்லை. மாட்டையும் கொடுக்கவில்லை.

அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை லொறியில் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சில் இருக்கிறதா என்று கேட்டாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். ஊரெல்லாம் சொல்லியிருந்தால் அவளை வெறுக்க எனக்கு ஒரு நல்ல காரணமாவது கிடைத்திருக்கும். இரண்டையும் கொடுக்காமல் பென்சில் கேட்கிறாள். நன்றி வரவில்லை எனக்கு. பொறாமைதான் வந்தது, முன்னைவிட இரண்டு மடங்கு. நான் நூறு பொய் வாசித்தேன். அவள் சொன்னது ஒன்று. அந்த ஒன்றும் என்னுடைய நூறையும்விட நன்றாக இருந்தது.

ஆனாலும் விரல் வைக்கக் கற்றுக்கொண்டேன். பரீட்சையில் ஒவ்வொரு விடைக்கும் பந்தியில் இடம் தேடினேன். கைக்கு வந்த ஐந்து வரியை ஒரு வரியாக்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். அது அந்த வருடத்துக்குப் போதவில்லை. பட்டியலில் அவள் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. மறு வருடம்தான் என்னை எடுத்தார்கள்.

அவள் தகரப் பெட்டியோடு லொறியில் ஏறியபோது லயமே முச்சந்திக்கு வந்திருந்தது. நான் தலைவலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். மறுநாள் அதில் என் கூடை தொங்கியது.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் பெரியம்மா வந்தார். கையில் அதே நீலக் கடுதாசி, மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு தம்பியிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. இங்கிருந்து எழுதிய கடுதாசிகள் இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

"முழுசும் வேணாம் புள்ள" என்றார். "அந்த ஓரத்து வரிய மட்டும் ஒருக்கா வாசி."

நான் அந்த நீலத் திட்டின் மேல் விரலை வைத்தேன். அங்கே எதுவும் இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். "சீக்கிரம் வாங்க அக்கா, வாசலையே பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று வாசித்தேன். என் குரல் சரியாக வரவில்லை.

பெரியம்மா கடுதாசியை வாங்கி மடித்தார். "அந்தப் புள்ள இன்னும் நல்லா வாசிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.