ரப்பர் மரத்தடியில் கிடைத்த பெயர்

ஒரு மனுஷனின் இரண்டு கால்களும் ஒடிய வேண்டும் என்று நான் பல வருஷம் ஜெபித்தேன். அதை மறைத்துவிட்டு உங்கள் முன்னால் சாட்சி சொல்ல எனக்கு மனசில்லை. நோய் தீர வேண்டும், பிள்ளை பாஸாக வேண்டும் என்று நீங்கள் முழங்காலில் நின்ற நேரத்தில், முழங்கால் போட முடியாத நான் கடைசி வாங்கில் உட்கார்ந்தபடி அதைத்தான் கேட்டேன். அந்த மனுஷனும் இதே ஆலயத்தில் முன் வரிசையில்தான் இருப்பார். அவர் கால்மேல் கால் போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்லியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஜெபராணி. டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன், அங்கேயே கொழுந்து பறித்தேன். எனக்குக் கல்யாணம் பேசியிருந்த சமயம் அது. நல்ல மழைக்காலம். தூரத்து மலையில் வேலை முடிந்தால் கொழுந்து லொறியிலேயே எங்களையும் ஏற்றி, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு அனுப்புவார்கள். அந்த லொறியின் பின் கதவுக் கொளுக்கி தேய்ந்து போயிருந்தது. எங்கள் மலை வேலையை மேற்பார்த்த உத்தியோகத்தர் கண்டாக்கையாவிடம் அதைச் சொன்னது நான்தான். பேசாமல் ஏறு என்றார். ஏறினேன். வளைவில் கதவு திறந்தது. நான் ரோட்டில் விழுந்தேன். ஒரு பெரிய கல்லில் இடுப்பு மோதியது.

இடது காலில் உணர்ச்சியே இல்லாமல் போனது. வலது கால் பாதி பிழைத்தது. இரண்டு கக்கத்துக் கட்டைகளை ஊன்றி கொஞ்ச தூரம் நடப்பேன். தரையில் உட்கார்ந்துவிட்டால் யாராவது தூக்கினால்தான் எழும்புவேன்.

காலுக்காக நான் பழி கேட்கவில்லை. பெயருக்காகக் கேட்டேன்.

தோட்டத்து ஒபிசில் விசாரணை வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண்டாக்கையா அங்கே, கதவு திறக்கவில்லை, அந்தப் பிள்ளைதான் குதித்தது, குறுக்குப் பாதையில் ஒரு பையன் காத்திருந்தான், அவனைப் பார்க்கக் குதித்தது என்று சொன்னார். லொறியில் இருந்த ஒரு பெண்ணும் அப்படியே சொன்னாளாம். அவள் யார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு பையன் கிடையவே கிடையாது. ஆனாலும் பேச்சு லயம் லயமாகப் போனது. பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். நான் வீடு திரும்பும்போது எனக்கு ஒரு பட்டப்பெயர் தயாராக இருந்தது. குதிச்சவ. சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள்.

கால் போனதற்கு அம்மா அவ்வளவாக அழவில்லை. பெயர் போனதற்கு அழுதாள். சாகும்வரை ஒரு தடவைகூட, நீ குதித்தாயா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்காமலே செத்துப்போனாள். அவளை மண்ணில் வைத்த அன்று நான் ஆண்டவரிடம் இரண்டு காரியம் கேட்டேன். கண்டாக்கையாவின் கால்கள் ஒடிய வேண்டும். பொய்ச் சாட்சி சொன்ன அந்தப் பெண் யாரென்று எனக்குக் காட்ட வேண்டும்.

கண்டாக்கையாவோ ஓய்வு பெற்று, ஹட்டனில் வீடு கட்டி, நம் சபைக்கு மூப்பராகவும் ஆனார். கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆண்டவருக்குக் காது இல்லையோ என்று நினைத்தேன்.

லொறியில் பின்னால் நின்ற ஒவ்வொரு பெண்ணையும் சந்தேகப்பட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தால் இவளோ என்பேன். சிரிக்காவிட்டாலும் இவளோ என்பேன். புவனேஸ்வரியை மட்டும் சந்தேகப்படவில்லை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை அழுதபடி வந்தவள் அவள். பிற்பாடு அவள் புருஷன் விட்டுப் போனதும் தானே ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள். எங்கள் டவுனில் ஆட்டோ ஓட்டும் பெண் அவள் ஒருத்திதான். கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் ஞாயிறு தவறாமல் என்னை ஆலய வாசல்வரை கொண்டுவந்து இறக்குவாள், ஆராதனை முடியும்வரை வெளியே நிற்பாள். அந்த அன்புக்காக எத்தனையோ தடவை ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன்.

போன மார்கழியில் ஒரு நாள் அவளுடைய போனில் வெளிநாட்டுக் காட்சி ஒன்றைக் காட்டினாள். மரமெல்லாம் சிவப்பு, மஞ்சள். அந்த இலைகளைப் பார்க்கவே ஜனங்கள் கார் எடுத்துக்கொண்டு போவார்களாம். எங்கள் மலையில் எந்த மாதம் பார்த்தாலும் தேயிலை பச்சைதான். எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்தாலே வயிறு எரியும். ஒரு தடவை வேறு நிறம் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு ஏன் வெளிநாடு, தை கடைசியில் கீழே எட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் மரமெல்லாம் இலை சிவந்து கொட்டும், சித்தி அங்கே இருந்தபோது பார்த்திருக்கிறேன் என்றாள். நான் கொண்டுபோகிறேன் என்றாள்.

அப்படித்தான் கிளம்பினோம். ஒரு சனிக்கிழமை காலை. பின் சீட்டில் எனக்கு இரண்டு தலையணை, பக்கத்தில் கட்டைகள், ரொட்டி, கட்டச் சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணி. கினிகத்தேனை தாண்டி இறக்கத்தில் போகப் போகக் குளிர் கழன்றது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். புவனேஸ் ஒவ்வொரு குழிக்கும் வண்டியை மெதுவாக்கி, வலிக்குதா என்று கேட்டபடி ஓட்டினாள். கித்துல்கலை தாண்டி ஒரு வளைவில் திரும்பியதும் மலைச்சரிவு முழுக்க ரப்பர் மரங்கள் நெருப்புப் பிடித்தது போல நின்றன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி, என்னை முதுகில் சுமந்து கொஞ்சம் உள்ளே கொண்டுபோய்ச் சாக்கை விரித்து ஒரு மரத்தடியில் உட்கார வைத்தாள். காற்றடித்தால் இலைகள் சரசரவென்று எங்கள்மேல் விழுந்தன. தேத்தண்ணி குடித்தோம். மனசு நிறைந்திருந்தது. அந்த நிறைவில் நான் சொன்னேன், ஆண்டவர் எனக்கு எல்லாம் தந்துவிட்டார், ஒன்றே ஒன்றைத்தான் தரவில்லை, அந்தப் பொய் சொன்னவள் யாரென்று காட்டவில்லை என்று.

புவனேஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் ராணி."

எனக்கு விளங்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

"நீ குதிச்சன்னு ஒபிசுல சொன்னது நான்தான். உன்னய இங்க கூட்டிட்டு வந்ததே இத சொல்லத்தான். அங்க வச்சு சொல்ல எனக்கு தைரியம் வரல."

அப்புறம் மீதியைச் சொன்னாள். அப்போது அவளுக்கு வயிற்றில் மூத்த பிள்ளை. கண்டாக்கையா கூப்பிட்டு, தான் சொல்கிறபடி சொல்லாவிட்டால் புருஷனுக்கு அன்றாட வேலைப் பேரும் கிடைக்காது, குடியிருக்க லயக் காம்பிராவும் இருக்காது என்று மிரட்டியிருக்கிறார். பயந்து சொல்லியிருக்கிறாள்.

அந்த நிமிஷம் என் கையில் பலம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. ஆனால் எழுந்து நாலடி தள்ளிப் போகக்கூட முடியாதவளாக அவள் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கட்டைகள் ஆட்டோவில் கிடந்தன. வீடு மலைக்கு மேலே. என்னைத் திருப்பிக் கொண்டுபோக அவள் ஒருத்தியைத் தவிர யாருமில்லை.

"இத்தன வருசமா என்னய ஏத்தி இறக்குனது அதுக்குத்தானா?" என்று கேட்டேன்.

"முதல்ல அதுக்குத்தான்," என்றாள். "பெறகு அப்படி இல்ல."

என்னைத் தொடாதே, கண்ணில் படாதே, போ என்றேன். இங்கே சொல்லத் தகாத வார்த்தைகளும் சொன்னேன். அவள் எழுந்து போய், ஆட்டோவுக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் ஆண்டவரிடம் பேசினேன். ஆளைக் காட்டிவிட்டீர், இனி என் கையில் கொடும், அவளை நான் நசுக்க வேண்டும் என்றேன். அம்மாவின் முகத்தை நினைத்து நினைத்துக் கேட்டேன். அவள் பிள்ளைகளைச் சொல்லியும் சாபமிட்டேன்.

எந்தச் சத்தமும் வரவில்லை. வெயில் ஏறியது. குடித்த தேத்தண்ணி வேலையைக் காட்டியது. எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டும்.

சகோதரிகளே, இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அடக்கிப் பார்த்தேன். நகர்ந்து பார்த்தேன். சாக்கோடு சேர்ந்து ஒரு முழம்கூடப் போக முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நனைந்தாலும் சரி, அவளைக் கூப்பிட மாட்டேன் என்று பல்லைக் கடித்தேன். கடைசியில் கூப்பிட்டேன். பெயர் சொல்லவில்லை, ஏய் என்றேன். அவள் ஓடி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தவுடன் புரிந்துகொண்டாள். என்னைத் தூக்கி ஒரு மறைவுக்குக் கொண்டுபோய், பாவாடையை உயர்த்திப் பிடித்து, என் பாரம் முழுவதையும் தன் தோளில் தாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றாள். என் எதிரி என்னைத் தாங்கி நிற்கிறாள். என் கை அவள் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. என் கையில் கொடும் என்று கேட்டேன் அல்லவா? இதோ என் கையில்தான் இருந்தாள்.

அங்கேயே நான் இளகிப்போனேன் என்று சொன்னால் பொய். இளகவில்லை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவைத் தந்தவர் ஆண்டவர் என்று இன்றைக்கும் விசுவாசிக்கிறேன். அவளை நசுக்கினால் எனக்கு என்ன கிடைக்கும்? உண்மை அவள் வாயில்தானே இருக்கிறது.

"நீ எங்கிட்ட சொன்னது போதாது," என்றேன். "அந்த ஆளு முன்னால சொல்லணும். இன்னிக்கே."

"சொல்றேன்," என்றாள்.

மலையேறி வந்தோம். நேரே ஹட்டனுக்குப் போய்க் கண்டாக்கையா வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஹோர்ன் அடித்தாள். அந்த வீடு உயரத்தில் இருக்கிறது, படிகள் அதிகம். என்னால் ஏற முடியாது. அவர்தான் இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாக அவர் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மனைவியும் யாரோ என்று பின்னாலேயே வந்து நின்றார்.

புவனேஸ் இறங்கி நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கொளுக்கி, கதவு, மிரட்டல், பொய். இடையில் நிறுத்தவில்லை.

"இவ்வளவு காலம் கழிச்சு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் என்னிடம்.

"எங்கம்மா செத்துட்டாங்க ஐயா. அவங்ககிட்ட போயி சொல்ல முடியாது. அதனால மத்த எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்."

அவர் மனைவி மெல்ல, அந்தக் கொளுக்கி விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அந்த அம்மா மறுபடியும் கேட்டார். தெரியும் என்றார், தரையைப் பார்த்தபடி. அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் இரண்டு நல்ல கால்களோடு ரோட்டில் நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறு குளிர்ந்தது. பரிசுத்தமான சந்தோஷம் என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் ஞாயிறு. போதகரிடம் அனுமதி கேட்டு, புவனேஸ் முதல் தடவையாக இந்த ஆலயத்துக்குள் வந்தாள். நெற்றியில் திருநீறோடுதான் வந்தாள். நீங்களே பார்த்தீர்கள். "நான் பொய் சொன்னேங்க. அவ குதிக்கல. கதவு தொறந்துச்சு," என்றாள். அவ்வளவுதான் அவளால் பேச முடிந்தது. ஆராதனை முடிந்ததும் உங்களில் பலர் என் கையைப் பிடித்து அழுதீர்கள். என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் அதில் இருந்தீர்கள். எங்கள் அண்ணன் அன்று மாலையே அம்மாவின் குழிக்குப் போய் வந்தான். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கண்டாக்கையா சில வாரம் வரவில்லை. பிறகு போதகரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டார். இப்போது பின்னால்தான் உட்காருகிறார்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறீர்கள். அன்றைக்குப் பிறகு ஒரு மாதம் புவனேஸின் ஆட்டோவில் நான் ஏறவில்லை. ஞாயிறு தோறும் லயத்துக்குக் கீழே வந்து நின்றாள். நான் அண்ணன் தோளைப் பிடித்துக் கட்டையை ஊன்றி அவளைத் தாண்டிப் போனேன். எனக்குத்தான் வலித்தது, ஆனாலும் அது எனக்கு இனித்தது. ஒரு ஞாயிறு பெருமழை. ஏறி உட்கார்ந்தேன். மழைக்காகத்தான் ஏறினேன் என்றேன். சரி என்றாள். அடுத்த ஞாயிறு மழை இல்லை. அன்றும் ஏறினேன்.

கண்டாக்கையாவை இன்னும் முழுசாக மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவர் கால்களுக்காகக் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் பெயரைச் சொல்லி, அவர் மனைவி அவரோடு மறுபடியும் பேச வேண்டும் என்று ஜெபிக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். அம்மா போன பிறகு முதல் தடவையாக இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். என் ஜெபத்தைக் கேட்ட தேவனுக்கு ஸ்தோத்திரம்.

அநியாயத்துக்கு ஆளாகி உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்கள் கோபத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவரிடம் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். இருக்கிறபடியே கொண்டுபோங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார். நீங்கள் கேட்டதையெல்லாம் தரமாட்டார், ஆனால் உங்களுக்கு நடந்ததை மறந்துவிடவும் மாட்டார்.

உங்களில் யாராவது இன்னொருவர்மேல் ஒரு பொய்யைப் போட்டுவிட்டு இங்கே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால், உங்களுக்கும் ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். அந்த ஆள் எங்கேயோ ஒரு வாங்கில் உட்கார்ந்து உங்கள் பெயரை ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆண்டவர் அதைக் கேட்கிறார். அவர் பதில் தருவதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.