குழம்புக்கு வெட்டிய இதயம்

ஊட்டச்சத்துப் படிப்பில் சேரும் பெண்கள் முதல் நாளே சமையல் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். நான் உள்ளே போய்க் கரும்பலகையில் வாயிலிருந்து ஆசனவாய் வரை நீளமாக ஒரு குழாயை வரைவேன். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாகும். "சாப்பாடு எந்த வழியாப் போகுது, எங்கன தங்குது, எங்கன ரத்தத்துல சேருதுன்னு தெரியாம, யாரையும் பாத்து இதச் சாப்பிடு அதச் சாப்பிடாதன்னு சொல்லக் கூடாது" என்பேன். தேனிப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பல வருடமாக நான் நடத்தும் பாடம் இது ஒன்றுதான்: மனித உடலின் அமைப்பும் இயக்கமும்.

எங்கள் துறைக்கென்று ஒரு பிளாஸ்டிக் மனிதன் உண்டு. இடுப்புக்குக் கீழே கிடையாது. உறுப்புகளைக் கழற்றி மாட்டலாம் என்று வாங்கியது. கழற்ற வரும், மாட்ட வராது. கல்லீரலை உள்ளே வைத்தால் இரைப்பை வெளியே விழும். சிறுநீரகங்களில் ஒன்று எந்த வருடத்துப் பிள்ளைகளோடு போனதோ தெரியவில்லை. அதனால் செமஸ்டர் பருவத்துக்கு ஒரு புதன்கிழமை ஆட்டின் உறுப்புகளை வாங்கி வந்து அறுத்துக் காட்டுவேன். இரைப்பையை மட்டும் வாங்க மாட்டேன். ஆட்டுக்கு இரைப்பையில் நான்கு அறை, மனிதனுக்கு இதயத்தில்தான் நான்கு அறை. இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் தேர்வுத் தாளில் மனிதன் அசைபோட ஆரம்பித்துவிடுவான். ஒரு வருடம் அப்படி நடந்தும் இருக்கிறது.

நான் குடியிருப்பது சின்னமனூரில். அந்தப் புதன்கிழமைகளில் காலையில் முதல் பஸ்ஸில் ஏறி, தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறங்கி, ஒரு கறிக்கடையில் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போவேன். என்ன வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவைத்துவிடுவேன். ஈரல் முழுசாக, இருதயம், குண்டிக்காய் என்கிற சிறுநீரகம் ஒரு ஜோடி, சுவரொட்டி என்கிற மண்ணீரல், குடல். எதையும் வெட்டக் கூடாது. ஆரம்பத்தில் ஒருமுறை கடைக்காரர், "என்னக்கா, வீட்டுக்கு விருந்தாளுக வந்திருக்காகளா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை, "பெரிய குடும்பமோ?" என்றார். அதற்கும் ஒரு தலையாட்டல். கல்லூரிக்கு, பாடத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். சாப்பிட இல்லை என்று தெரிந்தால் கழிசல் சரக்கைத் தள்ளிவிடுவாரோ என்று ஒரு பயம்.

என் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தக் கடையில் தலையாட்டுவது எனக்குப் பிடித்துப்போனது. சின்னமனூர் வீட்டில் நான் ஒருத்தி. தேனியில், அந்த மனிதரின் நினைப்பில், என் வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன். அந்தப் பொய் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமில்லை.

சாப்பிடுவதுதான் எனக்கு நின்றுபோனது. விரதம், வைராக்கியம் ஒன்றுமில்லை. பசி வரவில்லை, அவ்வளவுதான். மதியம் துறையில் மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது நானும் இரண்டு இட்லியைப் பிட்டுக்கொண்டிருப்பேன். இரவில் ஒரு தம்ளர் பால். வகுப்பில் மட்டும் பசியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினேன். சாப்பாட்டைப் பார்த்தாலும், மணம் வந்தாலும், தட்டு வைக்கும் சத்தம் கேட்டாலும் மூளை வயிற்றுக்குச் சொல்லி அனுப்பிவிடும். ஒரு கவளம் உள்ளே போகும் முன்பே எச்சிலும் செரிமான நீரும் சுரக்கத் தொடங்கிவிடும். பசியைத் தூண்டும் ஹார்மோன், நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி ஏறும். இதையெல்லாம் படம் போட்டு, அம்புக்குறி போட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கிடையாது. என் கணவர் மிக மெதுவாகச் சாப்பிடுகிறவர். அவர் முடிக்கட்டும் என்று பேசிக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வது என் வழக்கம். அந்த இன்னொரு கரண்டியில்தான் நான் உயிரோடு இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். எனக்கு ஒரே பிள்ளை. வந்ததும் என் கையைப் பார்த்தான். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்க பாரும்மா, அடுத்த தடவ வாரப்பவும் இப்படியே இருந்தேன்னா, வீட்டப் பூட்டிட்டு ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவேன். வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீதி இருப்பது அந்த வகுப்பறையும் இந்த வீடும்தான், இரண்டையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்று தோன்றியது. பெங்களூரில் ஒரு படுக்கையறை வீட்டில் அவன் ஆபீஸ் போனதும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். செத்தாலும் போக மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். போகாமல் இருக்க வேண்டுமானால் சாப்பிட வேண்டும், உடம்பு தேற வேண்டும். தினமும் சாயங்காலம் அவன் போன் செய்து "சாப்பிட்டியாம்மா?" என்பான். "ஆச்சுடா" என்பேன். சித்திரை விடுமுறைக்கு அவன் வருவதாக இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி நிறுத்தி எடையும் உயரமும் எடுத்துப் பழகுவார்கள். "நீங்களும் ஏறுங்க மேடம்" என்று கூப்பிடுவார்கள். பாடத்திட்டத்தில் ஆசிரியர் வரவில்லை என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

மாசி மாதத்தில் இந்தப் பருவத்துக்கான புதன்கிழமை வந்தது. முந்தின நாள் கடைக்குச் சொல்லப் போனபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னக்கா, அத்தன பேருக்கும் ஆக்கிப் போட்டுட்டு நீங்க சாப்பிடுறதே இல்லையா? எலும்பாத் தெரியுறீக."

"வேல சரியா இருக்கு" என்றேன். பொய்க்கு இன்னொரு பொய்.

மறுநாள் காலையில் வழக்கத்தைவிடப் பெரிய பையாக இரண்டு கொடுத்தார். "வீட்ல போய்ப் பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருப்பார் என்று நினைத்து, பிரித்துப் பார்க்காமல் கல்லூரி பஸ்ஸைப் பிடித்தேன்.

பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். "இன்னைக்கு மொதல்ல இதயம். வெளிப்பக்கம் எப்படி இருக்கு, எந்த ரத்தக்குழாய் எங்கன இருந்து கெளம்புதுன்னு பாக்கப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே முதல் பையைத் தட்டில் கவிழ்த்தேன். இதயம் துண்டு துண்டாக விழுந்தது. ஈரல் விரற்கடை அளவில் விழுந்தது. குண்டிக்காய் இரண்டும் நெடுக்கில் பிளந்திருந்தன. குடல் கழுவிச் சுத்தம் செய்து, அங்குலம் அங்குலமாக நறுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தடவியிருந்தது.

தேவாரம் ஊரிலிருந்து வரும் பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள்.

"மேடம், இது கொழம்புக்கு வெட்டுனது" என்றாள்.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்கு விஷயம் புரிந்துபோனது. அத்தனை பேருக்கும் ஒருத்தியாகக் கிடந்து அறுக்கிறேனே என்று அந்த மனிதர் என் மேல் இரக்கப்பட்டிருக்கிறார். இல்லாத ஒரு குடும்பத்துக்கு நான் சமைத்து இளைத்துப்போயிருக்கிறேன் என்று நம்பி, காலையில் உட்கார்ந்து பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பிறகு திரும்பி, "சரி, சேத்து வைங்க பாப்போம்" என்றேன். அதுதான் நான் நடத்தியதிலேயே நல்ல வகுப்பு. எது கனமான சுவர், எது மெல்லிய சுவர் என்று துண்டுகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். கனமானது இடது கீழறை, உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்ப வேண்டியது அதுதான் என்று அவர்களாகவே சொன்னார்கள். ஒருத்தி கையிலிருந்த துண்டில் வால்வு வெண்மையான நூல்களோடு முழுசாகத் தப்பியிருந்தது. எங்கள் கத்தியைவிட அவர் கத்தி கூர்மை. சிறுநீரகத்தின் வெளிப்பட்டையும் உள்மையமும் இவ்வளவு சுத்தமாக என்றைக்கும் தெரிந்ததில்லை. குடல் துண்டைப் பிளந்து உள்பக்கத்தைத் தண்ணீரில் பிடித்தால் டர்க்கித் துண்டு மாதிரி இருந்தது. நாம் சாப்பிடுவதெல்லாம் உடம்புக்குள் போகும் வாசல் இதுதான் என்று சொன்னேன்.

இரண்டாவது பை தொடாமல் இருந்தது. அதிலும் ஈரலும் குடலும் கறிக்கு வெட்டித்தான் இருந்தன. பக்கத்து அறை சமையல் ஆய்வகம். இதை என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் தேவாரத்துப் பெண், "வீணாப் போயிரும் மேடம்" என்றாள். விதிப்படி கூடாது என்றேன். "இது அறுத்துப் பாத்தது இல்லையே மேடம், கறிதான்" என்றாள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

மிளகும் சீரகமும் வறுபடும் வாசம் வந்தது. கறி தொடாத பிள்ளைகள் ஜன்னல் பக்கம் நின்று வெங்காயம் உரித்தார்கள். நான் வாசலில் நின்று செய்முறை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று இரண்டு காதுகளுக்கும் கீழே, தாடை ஓரத்தில், சுள்ளென்று ஒரு வலி. வாய் நிறைய எச்சில். கன்னத்துச் சுரப்பி, படம் மூன்று, வருடா வருடம் நான் வரைவது. எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றேன், யாரும் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு கரண்டிதான் தேறியது. எனக்கும் ஒரு கரண்டி வைத்தார்கள். தட்டுகள் மேசையில் இடிபடும் சத்தத்துக்கு நடுவே அதைச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது, சட்டியில் இல்லை.

சாயங்கால பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்போது என் வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் வாழைத்தார் சுமக்கும் சும்மாட்டுத் துணியோடு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். வெற்று வயிறு சுருங்கும்போது காற்றும் நீரும் நகர்கிற சத்தம் அது. அதை அறிந்திருந்து பயனில்லை. பசித்தது. பசித்த கையோடு என் கணவர் நினைப்பும் வந்தது, இத்தனை நாள் வந்த மாதிரி மெத்தென்று இல்லாமல், அவர் தட்டு, அவர் விரல், குழம்பைப் பிசையும் விதம் என்று நேராக. சாப்பிடாமல் இருந்த வரை நான் அவரைப் பாதிதான் இழந்திருந்தேன். சின்னமனூர் வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அடுப்படிக்குள் போனபோது மகன் போன் செய்தான்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்லடா. பசிக்குது" என்றேன்.

சொல்லிக்கொண்டே அரிசி டப்பாவைத் திறந்தேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். இனிமேதான் ஒல வைக்கணும்."

போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அரிசி களைய ஆரம்பித்தேன். "நீ சாப்பிட்டியா?" என்றேன். தினமும் நானும் கேட்பதுதான். தினமும் அவனும் "ஆச்சும்மா" என்பான், பேச்சு வேறு பக்கம் போகும். அன்றைக்கு அவன் அப்படிச் சொல்லவில்லை.

"இல்லம்மா. அப்பா போனதுல இருந்து எனக்கும் ஒண்ணும் எறங்கல. நீ இங்க வந்துட்டா ரெண்டு பேரும் ஒக்காந்து சாப்பிடலாமேன்னுதான் கூப்பிட்டேன்."

அரிசித் தண்ணீரில் கை அப்படியே நின்றது. பொங்கலுக்கு அவன் வந்தபோது சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் என் வளையலைப் பார்த்தான். நான் அவன் சட்டையைப் பார்க்கவில்லை.

"அரிசி வச்சிருக்கியாடா அங்கன?"

"இருக்கும்மா. பையக் கூட ஒடைக்கல."

"ஒடச்சு ஒரு தம்ளர் களைஞ்சு வை" என்றேன். "போன வச்சிராத."