நெமிலிச்சேரியில் சுற்றிய செம்பருத்தி

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாட்டர் ஃபில்டர் கத்த ஆரம்பித்தது. விட்டு விட்டு ஒரு சத்தம், கூடவே சிவப்பு விளக்கு. சர்வீஸுக்குச் சொல்லியிருந்தோம். ஒன்பதரை மணிக்கு மெக்கானிக் போன் செய்தார்.

"மேடம், கள்ளிக்குப்பம் வந்துட்டேன். ஊடு எங்க கீது?"

எங்கள் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குறுக்குத் தெருக்களுக்கு எண்தான் பெயர். எந்த நகருக்குள் நுழைந்தாலும் ஒரு மூன்றாவது குறுக்குத் தெரு இருக்கும். கதவு எண்ணிலும் பழையது, புதியது என்று இரண்டு. எனக்கோ போனில் பேசுவதென்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. பிளஸ் டூ முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியின் ஸ்டோரில் போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற ஆள் நான். எழுத வருகிற அளவுக்குப் பேச வராது.

"லொகேஷன் அனுப்புறேங்க" என்றேன்.

"வாட்ஸ்அப்புல ஹாய் போட்டுக்கீறேன் மேடம். அதுலயே அனுப்பிடுங்க."

லொகேஷனில் இரண்டு வகை உண்டு என்று இதே இடத்தில் முன்பு எழுதியிருக்கிறேன். ஒன்று, இப்போது இருக்கிற இடம். குத்திவைத்த குண்டூசி மாதிரி நகராது. இன்னொன்று லைவ். நாம் போகிற இடமெல்லாம் கூடவே வரும். கால் மணி நேரமா, ஒரு மணி நேரமா, எட்டு மணி நேரமா என்றுகூடக் கேட்கும். வீட்டுக்கு வழிகாட்ட முதல் வகை போதும், இரண்டாவதைத் தொடாதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

நான் தொட்டது இரண்டாவதை. அதிலும் எட்டு மணி நேரத்தை.

சரி, யாருக்கு அனுப்பினேன்? மேலே இருப்பது மெக்கானிக்கின் ஹாய்தான் என்று நினைத்துத் தட்டினேன். ஆனால் அதே நிமிஷம் பூந்தமல்லியில் இருக்கும் என் நாத்தனார் கோகிலா, புதுத் திரைச்சீலையைப் பதினோரு படங்களாக எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தாள். குழு மேலே ஏறிவிட்டது. கணவர் வீட்டு ஆட்கள் பத்தொன்பது பேர் இருக்கும் குழு. காலை வணக்கம் தாங்காமல் அதன் சத்தத்தை நான் எப்போதோ அணைத்துவிட்டேன். ஆகவே அங்கே என்ன நடந்தாலும் எனக்குக் கேட்காது.

மெக்கானிக் மறுபடியும் கூப்பிட்டார். "ஒண்ணும் வரலியே மேடம்..." நெட் ஸ்லோவாக இருக்கும் என்று சமாளித்து, தெருமுனையில் போய் நின்று கையை ஆட்டினேன். வந்தார், மாட்டினார், போனார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் போன இடம்தான் சிக்கல்.

ஒரு ரகசியத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நான் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்பது வயதில். யாருக்கும் தெரியாமல்.

ஏன் ரகசியம்? பத்து வருடங்களுக்கு முன் என் கணவரே எங்கள் தெருவில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "ப்ரேக்கு... ப்ரேக்கு!" என்று அவர் கத்தக் கத்த, நான் ஆக்சிலேட்டரை முறுக்கி, தெருவோரத்தில் நின்ற கறுப்புத் தண்ணீர் டேங்கில் போய் மோதினேன். அப்போதுதான் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போயிருந்தது. டேங்க் சாய்ந்தது. தெருவே குடத்தோடு வந்து நின்று, ஓடுகிற தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் அந்தப் பார்வை! அன்றிலிருந்து நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் என் கை விறைத்துக்கொள்ளும்.

இப்போது ஏன் மறுபடியும்? இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள், தோசை சாப்பிட்டுக்கொண்டே கணவர் சொன்னார்:

"இன்னும் மூணு மாசத்துல எனக்கு ஆறு மணி ஷிப்ட்டு சாந்தி. உன்ன எஸ்டேட்டுக்கு யாரு இட்டுகினு போவா? உங்க கம்பெனிய வேற எஸ்டேட்டு உள்ளாற கடேசிக்கு மாத்திட்டானுங்க. பஸ்ஸும் இல்ல. பேசாம வேலைய உட்டுடேன்."

கோபமாகச் சொல்லவில்லை. என் மேல் இருக்கும் அக்கறையில்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது. பதினொரு வருடங்களாகப் பார்க்கிற வேலை. எந்த ரேக்கில் எந்த அளவு ஸ்குரூ இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி, ஒரு டம்ளர்... "சட்னி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

எல்.எல்.ஆருக்கு, அதாவது பழகுநர் லைசன்ஸுக்கு, போனிலேயே விண்ணப்பித்தேன். பெண்களுக்கு மட்டும் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் செல்வி என்பவரைத் தேடிப் பிடித்ததும் போனில்தான். இடம், நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் மனை பிரித்துப் போட்டிருக்கும் ஒரு வெற்று நிலம். ரோடு மட்டும் போட்டிருக்கிறார்கள், வீடு ஒன்றுகூட வரவில்லை. அம்பத்தூரில் ரயில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன். தெரிந்தவர்கள் ஒருவர்கூட வர மாட்டார்கள். வீட்டில் சொன்ன காரணம், "அம்பத்தூர் ஓ.டி.யில டெய்லர்கிட்ட ஜாக்கெட் அளவு குடுத்துட்டு வர்றேன்." ஐந்து சனிக்கிழமைகளாக ஒரே அளவு. என் கணவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஜாக்கெட் விஷயத்தில் ஆண்கள் எதையும் நம்புவார்கள் போலிருக்கிறது.

திங்கட்கிழமை டெஸ்ட். சனிக்கிழமைதான் கடைசி வகுப்பு. காலைக் கீழே ஊன்றாமல் ஒரு முழு எட்டு போட வேண்டும். அதுவரை ஒரு தடவைகூட நான் போட்டதில்லை.

செல்வி சுண்ணாம்புப் பொடியால் எட்டு வரைந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"யக்கா! தரைய பாக்காத, தரைல இன்னா கீது? எங்க போவணுமோ அங்க பாரு!"

பார்த்தேன். பாதி எட்டில் கால் ஊன்றினேன்.

"மறுபடியும் காலு! கால இன்னா ஊட்லயே உட்டுட்டு வர்றியா அடுத்த தபா?"

என் போன்? வழக்கம்போலச் சத்தத்தை அணைத்து, சீட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வைத்திருந்தேன். லைவ் ஓடும்போது போனின் உச்சியில் ஒரு சின்ன அறிவிப்பு நிற்கும். ஆனால் என் போனின் உச்சியில் எப்போதும் நாற்பது அறிவிப்புகள் நிற்கும். அதில் எது எது என்று யார் பார்ப்பது?

அந்த நேரத்தில் குடும்பக் குழுவில் நடந்ததைப் பிற்பாடு வாசித்தேன். வரைபடத்தில் நம் முகப்புப் படம்தான் வட்டமாக நகரும். முகம் காட்டக் கூச்சப்பட்டு நான் செம்பருத்திப் பூ வைத்திருக்கிறேன். அந்தச் செம்பருத்தி அம்பத்தூரில் ரயில் ஏறி, ஆவடி தாண்டிப் போனதை முதலில் பார்த்தவள் கோகிலா.

"அண்ணி எங்க போறாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஓ.டி.ல டெய்லர் கடைல கீறா" என்று என் கணவரின் பதில்.

"டெய்லர் கடை ட்ரெயின்ல போவுதாண்ணா?"

ஆவடியில் இருக்கும் கணவரின் அண்ணன் அடுத்து நுழைந்திருக்கிறார். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் உற்றுப் பார்ப்பார். "பூவு நெமிலிச்சேரி தாண்டி ஒரே எடத்துல சுத்திகினே கீது. போன் போட்டா எடுக்கல. எவனோ போனை அட்ச்சிகினு பூட்டான்."

"திருடன் எதுக்குண்ணா ஒரே எடத்த சுத்துறான்?" என்று கோகிலா.

"கூட்டாளி வரணும் இல்ல? வெயிட் பண்றான்."

இதுவரை வாசித்தபோது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு என் கணவர் டெய்லர் கடைக்குப் போன் செய்திருக்கிறார். அந்த அம்மா உள்ளதைச் சொல்லிவிட்டார் — சாந்தி அக்கா ஒரு மாதமாகக் கடைப் பக்கமே வரவில்லை என்று. அதற்குப் பிறகு அவர் போட்டது ஒரே வரி.

"போன் போனா போவுது. அவ எங்க?"

இருபத்தைந்து வருடங்களில் என்னைப் பற்றி அவர் எழுதி நான் வாசித்த முதல் வரி அதுதான்.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் ஐந்தாவது முறை எட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். அப்போது மண் ரோட்டில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றில் கணவர். இன்னொன்றில் அவர் அண்ணன், கையில் ஒரு முழ நீள ஸ்பேனர். ஹெல்மெட்டுக்குள் இருந்த என்னை அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

கை விறைத்தது. அதே விறைப்பு. கண் முன்னால் டேங்க் சாய்கிறது, தண்ணீர் ஓடுகிறது...

நின்றால் என்ன ஆகும்? இறங்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். கணவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஐந்து ஜாக்கெட்டுக்கும். இரண்டு பேர் முன்னால் வண்டி ஓட்டுவது பயம்தான். ஆனால் இறங்கிப் பதில் சொல்வது அதைவிடப் பெரிய பயம்.

ஆகவே நான் நிற்கவில்லை.

முதல் வளைவு. நடுவைத் தாண்டி இரண்டாவது வளைவு. கால் ஊன்றவில்லை. மறுபடியும் முதல் வளைவு. என் காதில் அந்தப் பக்கம் நடந்த பேச்சு விட்டு விட்டு விழுந்தது.

"யோவ், யார்யா நீ? லேடீஸ் வண்டி கத்துக்குற எடத்துல ஸ்பேனர தூக்கிகினு வந்து நிக்குற?"

"எம்மா, போன் திருடன தேடிகினு வந்தோம்மா..."

"இங்க ஏதுய்யா திருடன்? எங்கக்கா எட்டு போட்டுகினு கீது. ஓரமா நில்லு!"

மூன்றாவது எட்டு. நான்காவது. ஆறு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். இறங்கத் தைரியம் இல்லாததால் மட்டுமே ஒரு பெண்மணி இவ்வளவு அழகாக வண்டி ஓட்டியது உலகத்திலேயே அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

கடைசியில் செல்வி குறுக்கே வந்து கையை விரித்தார். "யக்கோவ்! போதும், நிறுத்து! எனக்கே தல சுத்துது!"

நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். கணவரின் சட்டை முழுக்க வியர்வை. மேல் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்தார், உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி.

"ஜாக்கெட்டு தச்சாச்சா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று ஞாபகம் இல்லை.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"டெஸ்ட்டுல தோத்துட்டா யாருக்கும் தெரியக்கூடாதுன்னு..."

"தோக்குற ஆளா நீ?" என்று குறுக்கே வந்தார் அவர் அண்ணன். ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார் பாவம். "நாங்க வந்ததுலேர்ந்து எட்டு எட்டா போட்டுகினு கீற. நான் லைசன்ஸு எடுக்கும்போது ரெண்டு தபா உழுந்தேன்மா. இவனுக்கே தெரியாது."

அப்போதுதான் விஷயம் முழுவதையும் சொன்னார்கள். போனை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறு தவறிய அழைப்புகள். குழுவில் என் செம்பருத்தி சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. பத்தொன்பது பேரில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களோ! அதன் கீழே, என் கண் முன்னாலேயே, கணவரின் அண்ணன் ஒற்றை விரலால் தட்டிய செய்தி வந்து விழுந்தது.

"திருடன் மாட்டிகினான். வண்டி நல்லா ஓட்டுறான்."

அடுத்த நொடி கோகிலா: "அண்ணி!!! திங்கக்கெழம நானும் வரேன் டெஸ்ட்டுக்கு."

நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே வரிசை கட்டி வரப்போகிறது. நீங்கள் இதை வாசிக்கும்போது திங்கட்கிழமை முடிந்திருக்கும். எழுதுகிற எனக்கு இன்னும் முடியவில்லை.

உங்களுக்கான குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். லொகேஷன் அனுப்பும் முன் மேலே இருக்கும் பெயரை ஒரு தடவை வாசியுங்கள். லைவ் தேவையென்றால் கால் மணி நேரம் போதும். வெளியே போகிறவர்கள் வீட்டில் ஒருவருக்காவது உண்மையான இடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள் — இதற்கு மட்டும் எந்த ஆப்பும் தேவையில்லை.

கிளம்பும்போது கணவர் தன் ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினார்.

"ஆறு மணி ஷிப்ட்டுக்கு நான் ட்ரெயின்ல போய்க்குறேன். வண்டி உனக்கு. வேலைய உடாத."

அவ்வளவுதான் சொன்னார். செல்வி சிவப்பு டேப்பைக் கிழித்து முன்னும் பின்னும் 'எல்' ஒட்டிவிட்டார். பெரிய ரோடு வரும்வரை நான் ஓட்டுவது, அங்கே கைமாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. கணவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் அண்ணன் காவலுக்கு வருவது மாதிரிப் பக்கத்திலேயே வந்தார்.

புறப்படும் முன் போனைப் பார்த்தேன். லைவ் முடிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. கீழே சிவப்பு எழுத்தில், பகிர்வதை நிறுத்தலாமா என்ற பட்டன். விரல் அதன் மேல் வரை போனது.

பார்க்கட்டுமே என்று போனைப் பையில் போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பினேன்.