உப்பு வண்டிகள் கிளம்பும்வரை

நனைந்த கோணியின் வாடை இன்று மூக்கில் ஏறியதும் ஐம்பதுகளின் அச்சரப்பாக்கம் சந்தைக்குப் போய்விட்டேன். செய்யூர் உப்பளத்துக்காரர்கள் மாட்டுவண்டியில் உப்பு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போவார்கள். வானம் கறுத்தால், மழைக்கு ஏங்கிக் கிடக்கும் எங்கள் குடியானவர்கள், அந்த வண்டிகள் கிளம்பும்வரை மழைப் பேச்சே எடுக்காமல், மாட்டு விலை, மாப்பிள்ளை என்று எதையாவது பேசியபடி ஓரக்கண்ணால் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏரி வறண்டு வெடித்துக் கிடந்த ஒரு வருஷம், சந்தை நடுவிலேயே மழை கொட்டிவிட்டது. கோணி போர்த்தியும் உப்பு கரைந்து சக்கரத்தடியில் ஓடியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

உப்புக்காரம்மா முந்தானையைப் பிழிந்தபடி சொன்னாள்: "இன்னாத்துக்கு அண்ணாத்த மூஞ்ச மறைக்கிற? சிரி. நீ நெல்லு அறுத்தாதான் என் உப்புக்கு வெல கீது."

அவள் வண்டி செய்யூர் ரோட்டில் திரும்பி மறைந்த பிறகுதான் அப்பா சிரித்தார்.